வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: "நெஞ்சு படபடக்கிறது, எனக்கு மாரடைப்பு வருமா?"

கேள்வி: ஐயா, நான் பிளஸ் டூ படிக்கும் மாணவன். வயது 17. கடந்த ஐப்பசியில் என் தாத்தா மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 71. அதற்குச் சில வாரங்கள் கழித்து, இரவில் படித்து முடித்துப் படுக்கும்போது என் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணைக்குள் இதயம் துடிப்பது கேட்கிறது. கொரோனா காலத்தில் அப்பா வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரில் விரலை வைத்துப் பார்த்தால் 110, 118 என்று காட்டுகிறது. அரை மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குறைகிறது. காலையில் 76தான் இருக்கிறது. சில நாட்களாக இடது மார்பில் ஊசியால் குத்துவதுபோல ஒரு வலியும் வருகிறது. மூச்சை இழுத்தால் அதிகமாகிறது, சிறிது நேரத்தில் தானாகவே போய்விடுகிறது. மயக்கம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வாலிபால் ஆடுகிறேன். அப்போது ஒன்றும் தெரிவதில்லை. தூக்கம் வராமலிருக்க இரவு 11 மணிக்கு மேல் இரண்டு டம்ளர் கெட்டியான காபி குடிப்பேன், சில நாட்களில் எனர்ஜி டிரிங்க்கும் உண்டு. வீட்டில் சொல்லாமல் நண்பனுடன் போய் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இசிஜி எடுத்தேன். தாளில் 'சைனஸ் அரித்மியா' என்று அச்சாகியிருந்தது. அரித்மியா என்றால் இதயத் துடிப்புக் கோளாறு என்று இணையத்தில் படித்த நாளிலிருந்து பயம் இரண்டு மடங்காகிவிட்டது. எனக்கு மாரடைப்பு வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு மாரடைப்பு வரப்போகிறது என்று நினைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நேரில் பார்த்து, மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்காமல் எந்த மருத்துவரும் முடிவான வார்த்தை சொல்லக் கூடாது. ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் படபடப்பு, வலி, இசிஜி தாள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பயம் பெரிதாகத் தெரிகிறது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் படபடப்பு. ஓய்வில் இருக்கும்போது உங்கள் வயதில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. அப்படிக் கணக்கிட்டால் ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் ஒன்றைக்கூட நாம் உணர்வதில்லை. இரவில் வீடு அடங்கிய பிறகு, இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கும்போது இதயத்தின் முனை மார்புச் சுவரை ஒட்டி வருகிறது. காது தலையணையில் அழுந்தியிருக்கிறது. அதனால்தான் துடிப்பு உங்களுக்குக் கேட்கிறது. அதைக் கேட்ட கணத்தில் தாத்தாவின் நினைவு வருகிறது, பயம் வருகிறது, பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, அட்ரினலின் இதயத்தை இன்னும் விரட்டுகிறது. அந்த நேரத்தில் ஆக்சிமீட்டரை மாட்டி, 118 என்ற எண்ணைப் பார்க்கிறீர்கள். அந்த எண்ணே அடுத்த பயத்துக்குக் காரணமாகிவிடுகிறது. அளப்பதற்காக வாங்கிய கருவி, அளக்கப்படுவதையே மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஓரிரவில் எத்தனை முறை விரலை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இதே பயத்தோடு என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் இருபது, முப்பது முறை பார்ப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னதுண்டு.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, துடிப்பு எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதுதான். உங்களுக்கு அது மெல்லக் கூடி, அரை மணி நேரத்தில் மெல்லக் குறைகிறது. காலையில் 76. பந்தாட்டத்தில் இதயம் இதைவிட வேகமாக ஓடும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால், இதயத்தின் இயற்கையான துடிப்பு மையம்தான் பயத்தாலோ காபியாலோ தூக்கமின்மையாலோ வேகமெடுக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தல், உடலில் நீர் குறைதல் ஆகியவையும் இதே வேகத்தைத் தரக்கூடும். சளிக்காக மருந்துக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பூட்டமாலும்கூட நெஞ்சைப் படபடக்கச் செய்யும் என்பதால், அப்படி ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்கு மாறான ஒரு படபடப்பு உண்டு. அதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சுவிட்சைப் போட்டதுபோல ஒரே நொடியில் துடிப்பு 180, 200 என்று தாவும்; விரலை வைத்து எண்ணவே முடியாது; கழுத்தில் படபடவென்று அடிக்கும்; சில நிமிடமோ சில மணி நேரமோ கழித்து, சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றுவிடும். இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்சாரம் போவதற்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு வழி அமைந்துவிட்டவர்களுக்கு இப்படி ஏற்படும். 1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று மருத்துவர்கள், நலமாக இருந்த இளைஞர்களிடம் இத்தகைய படபடப்பையும் அவர்களுடைய இசிஜியில் ஒரு தனி வடிவத்தையும் கண்டு எழுதினார்கள். அந்த நிலை இன்றும் அவர்கள் மூவரின் பெயராலேயே அறியப்படுகிறது. இந்த வகைப் படபடப்புக்கு அவசரப் பிரிவில், 10 மில்லி ஊசிக்குழாயின் முனையில் வாய் வைத்து, உள்ளிருக்கும் தண்டு அசையும் அளவுக்கு 15 நொடி ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். பலருக்கு அதிலேயே துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிடும். வராவிட்டால் அடினோசின் என்ற ஊசி இருக்கிறது. அடிக்கடி வருமானால், கால் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தக் கூடுதல் வழியைச் சூடேற்றி அடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அத்தோடு தொல்லை தீர்ந்துவிடுகிறது. நீங்கள் விவரித்திருப்பது இதுவல்ல. ஆனால் பதறிப்போன பையனின் படபடப்பு எல்லாமே மனப்பதற்றம்தான் என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்து வலி. நீங்கள் 'ஊசியால் குத்துவதுபோல' என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் வந்திருந்தால் எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொல்லியிருப்பேன். நீங்கள் அநேகமாக ஒரே விரலை நீட்டி ஓர் இடத்தைத் தொட்டிருப்பீர்கள். இதயத்துக்கு ரத்தம் போதாமல் வலிப்பவர் விரலால் காட்டமாட்டார். உள்ளங்கையை விரித்தோ கையை முட்டியாக மடக்கியோ நடுமார்பில் வைத்து, பாரம் ஏற்றியதுபோல இருக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது என்பார். அந்த வலி மாடி ஏறும்போதும் ஓடும்போதும் வரும், நின்றால் குறையும். உங்களுடையதோ ஆடும்போது வருவதில்லை, குனிந்து உட்கார்ந்து படித்துவிட்டு நிமிரும் நேரத்தில் வருகிறது என்று ஊகிக்கிறேன். பதின்ம வயதினருக்கு இப்படி இடது மார்பில் சுருக்கென்று குத்தி, மூச்சிழுத்தால் கூடி, சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ சுவடில்லாமல் மறையும் வலியை 1950களிலேயே மருத்துவ இதழ்களில் விவரித்திருக்கிறார்கள். அது விலாப் பகுதியில் எழுவதாகவே கருதப்படுகிறது. இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலிக்கும்போது மேலோட்டமாக மூச்சுவிட்டுப் பதுங்கிக்கொள்ளாமல், நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்துப் பாருங்கள். சுளீரென்று ஒரு கணம் வலித்துவிட்டு விட்டுப்போவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

விலா எலும்பும் நெஞ்செலும்பும் சேரும் குருத்தெலும்பில் அழற்சி இருந்தால், அந்த இடத்தை விரலால் அழுத்தும்போது அதே வலி வரும்; பந்தை ஓங்கி அடிக்கும் வாலிபால்காரர்களுக்கு மார்புத் தசைப் பிடிப்பும் சகஜம். நள்ளிரவில் காபி குடித்துவிட்டு உடனே படுப்பதால் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சலாகவும் வரலாம். பிள்ளைகளுக்கு வரும் நெஞ்சுவலியில் இதயம் காரணமாக இருப்பது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் பல பத்தாண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, அந்தப் படிவு ஒருநாள் வெடித்து ரத்தம் உறைவதால் பெரும்பாலும் வருவது. பிறவியிலேயே கொழுப்பு மிக அதிகமாக இருக்கும் சில குடும்பங்களிலும், சிறு வயதில் கவாசாகி என்ற நோய் வந்து ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டவர்களிலும்தான் இளவயதில் அதற்கு இடமுண்டு. நடனமாடிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் விழுந்தவரின் வயதும் நோயும் காரணமும் நமக்குத் தெரிவதே இல்லை. தெரியாத ஒன்றை நம் நெஞ்சின் மேல் ஏற்றிக்கொள்கிறோம்.

இனி அந்த இசிஜி தாள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைப் பறித்தது அதிலிருந்த ஒரு சொல். 'சைனஸ்' என்பது இதயத்தின் இயற்கையான துடிப்பு மையம். 'சைனஸ் அரித்மியா' என்றால், துடிப்பு சரியான இடத்திலிருந்தே புறப்படுகிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலான நேரம் மூச்சுக்கு ஏற்பச் சற்றுக் கூடிக் குறைகிறது என்று அர்த்தம். இப்போதே பார்த்துவிடலாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். நாடி கிடைத்ததும் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள்; துடிப்பு கொஞ்சம் நெருங்கும். மெல்ல வெளியே விடுங்கள். துடிப்பு இடைவெளிவிட்டு நடக்கும். வேகஸ் என்ற நரம்பு, மூச்சு விடும்போது இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப்பிடிப்பதும் மூச்சை இழுக்கும்போது தளர்த்துவதுமே இதற்குக் காரணம். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது இயல்பு; வயதாக ஆக இது குறைந்துகொண்டே போகும். உங்கள் தாளில் அச்சானது, நலமான இளம் இதயத்தின் அடையாளம். இசிஜி இயந்திரம் தானாக அச்சடிக்கும் வரியை மருத்துவர் பார்த்து ஏற்கவோ தள்ளவோ வேண்டும். குழந்தைப் பருவத்தில் இயல்பாக இருக்கும் சில அலை வடிவங்கள் பதின்ம வயதிலும் தொடர்வதுண்டு. அதையும் சில இயந்திரங்கள் கோளாறு என்று அச்சடித்துவிடும். படித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் இசிஜி எடுத்து, அந்தத் தாளை வெறுமனே ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவது எனக்கு வருத்தமளிக்கிறது.

காபியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 11 மணிக்குக் குடித்தால், அதில் பாதி விடியற்காலை 4 மணிக்கும் உங்கள் ரத்தத்தில் இருக்கும். அதோடு, 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டப்பாவில் பெரும்பாலும் 75 முதல் 80 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. பதின்ம வயதினர் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது பல குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. இரண்டு டம்ளர் கெட்டிக் காபியிலேயே அந்த அளவு தாண்டிவிடக்கூடும். எனர்ஜி டிரிங்கை இன்றே நிறுத்திவிடுங்கள். காபியை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். எனவே ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, மாலை 4 மணிக்கு மேல் குடிப்பதில்லை என்ற நிலைக்கு வாருங்கள். தேர்வுக்காகத்தானே இத்தனையும்? தூக்கத்தில்தான் படித்தது நினைவில் படிகிறது. இரவு 2 மணி வரை விழித்திருந்து படிப்பதால் மதிப்பெண் கூடும் என்று நான் நம்பவில்லை.

படபடப்பு வரும்போது என்ன செய்வது? விளக்கைப் போட்டு எழுந்து உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறோ ஏழோ எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். சற்றுமுன் சொன்ன அந்த வேகஸ் நரம்புக்கு நீங்கள் தரும் வேலை இது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் உடலிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்து இன்னும் பயந்துவிடாதீர்கள், மூச்சு நிதானமானால் அதுவும் அடங்கிவிடும். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம். பீதி எவ்வளவு வேகமாக ஏறினாலும் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத்தான் செய்யும். ஆக்சிமீட்டரை அப்பாவிடம் கொடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

இப்போது, முதலில் சொன்ன அந்தக் காரியம். இன்றோ நாளையோ அம்மாவிடமோ அப்பாவிடமோ எல்லாவற்றையும் சொல்லுங்கள்; அவர்களோடு ஒரு பொது மருத்துவரையோ குழந்தை நல மருத்துவரையோ ஒருமுறை முறையாகப் பாருங்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், அந்த இசிஜி ஆகியவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். தேவைப்பட்டால் எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் ஸ்கேன், எடுக்கச் சொல்வார்கள். வீட்டாரை அழைத்துச் செல்லச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. குடும்பத்தில் 40, 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தவர் உண்டா, நீந்தத் தெரிந்தும் மூழ்கிப்போனவர் உண்டா என்று, பரம்பரை இதயக் கோளாறு ஏதும் இருக்குமோ என்பதை அறிய மருத்துவர் கேட்பார்; அதற்குப் பதில் அம்மாவுக்கும் பாட்டிக்கும்தான் தெரியும். 71 வயதில் தாத்தாவுக்கு வந்த மாரடைப்பு இந்தக் கணக்கில் சேராது.

ஓடும்போதோ விளையாடும்போதோ மயக்கம் வந்தாலும், காய்ச்சலைத் தொடர்ந்து நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் வந்தாலும், ஒரு பக்க மார்பில் திடீரென்று கடுமையாக வலித்து மூச்சு வாங்கினாலும், துடிப்பு எண்ணமுடியாத வேகத்தில் ஓடி நிற்காமலிருந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் படபடப்பு அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வீட்டில் எல்லோரும் காரியங்களில் மூழ்கியிருந்தபோது, தேர்வுக்குப் படிக்கும் பையன் என்று உங்களை ஒதுக்கிவைத்து, அழக்கூட இடம் தராமல் போயிருக்கலாம். அவரைப் பற்றி அப்பாவிடம் பேசுங்கள். அப்பாவுக்கும் அது தேவையாக இருக்கும். வீட்டில் பேச முடியாத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்; கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது என்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். பள்ளியில் தரும் மாத்திரை குமட்டுகிறது என்று போடுவதில்லை. போன ஆண்டு தொண்டைவலி வந்துபோன பிறகு முழங்கால் வீங்கி, பிறகு கணுக்கால் வீங்கி, தானாகவே சரியானது. 'வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் சகஜம்' என்கிறார் மாமியார். இதயத்தில் ஏதாவது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: அம்மா, உங்கள் மாமியார் சொல்வதுபோல இது பரவலாக இருப்பது உண்மைதான், ஆனால் பரவலாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. உயிர்வளியைச் சுமந்துசெல்லும் ஹீமோகுளோபின் குறையும்போது, இருக்கும் ரத்தத்தையே இதயம் விரைந்து விரைந்து சுற்றவிட வேண்டியிருக்கிறது. அதுதான் மாடிப்படியில் அவளுக்குத் தெரிகிறது. அவள் வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. பேரீச்சம்பழமும் வெல்லமும் முருங்கைக்கீரையும் நல்லவை. ஆனால் இறங்கிவிட்ட ஹீமோகுளோபினை அவற்றால் மட்டும் ஏற்றிவிட முடியாது, மாத்திரை வேண்டும். பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் சத்து நன்றாகச் சேரும். டீ, காபியை இரண்டு மணி நேரம் தள்ளிவையுங்கள். மலம் கறுத்துப்போவதைக் கண்டு நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. அது மாத்திரையால் வருவது, கெடுதல் இல்லை என்று முன்னரே அவளிடம் சொல்லிவிடுங்கள். உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடற்புழு மாத்திரையும் தவறாமல் போடட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்த முழங்கால் வீக்கம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய சில வாரங்களில், மூட்டு ஒவ்வொன்றாக வீங்கி, ஒன்று ஆறும்போது அடுத்தது வீங்குமானால், அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. மூட்டில் எந்தத் தடயமும் விடாமல் போய்விடும். இதய வால்வில் மட்டும் தங்கிவிடும். அப்படித் தங்கியிருந்தாலும் மூச்சு வாங்கலும் படபடப்பும்தான் முதல் அடையாளங்கள். ரத்தசோகை அதை மூடி மறைத்துவிடக் கூடாது. ஆகவே மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மூட்டு வீங்கிய கதையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எக்கோ எடுத்தால் தெளிவாகிவிடும். ஒருவேளை இருந்தாலும் மனம் தளர வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் விடாமல் போட்டுக்கொண்டால், மீண்டும் காய்ச்சல் வந்து வால்வு மேலும் கெடாமல் காக்க முடியும். ஊசி வலிக்கும், பள்ளிக்கு அரைநாள் விடுப்பாகும்; ஆனாலும் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். 14 வயது மாணவன் ஒருவன் 400 மீட்டர் ஓட்டத்தில் கடைசித் திருப்பத்தில் மயங்கி விழுந்தான். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். காலையில் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்கிறார்கள் பெற்றோர். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. அவனை ஓடவிடலாமா?

– ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: ஓடவிடாதீர்கள், ஐயா. பரிசோதனை முடியும் வரை பயிற்சியும் வேண்டாம். காலை வழிபாட்டில் வெயிலில் நின்று மயங்குவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு. முன்னது பெரும்பாலும் தீங்கற்றது. பின்னதை, இல்லை என்று நிரூபிக்கும் வரை இதயக் கோளாறாகவே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இதயத் தசை காரணமின்றித் தடித்துப்போகும் பரம்பரை நிலை ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இதயத்தின் மின்னோட்டம் மீள்வதற்குத் தாமதமாகும் நிலையும், இதயத்தின் ரத்தக்குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பும் நிலையும் உண்டு. இவற்றில் எதுவும் முகத்தில் தெரியாது. நன்றாக ஓடுகிற பிள்ளையிடமும் இருக்கும். இதய மருத்துவர் பார்த்து, இசிஜியும் எக்கோவும் எடுத்து, ஓடலாம் என்று எழுதித் தந்த பிறகு ஓடட்டும்.

உங்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோது, மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்ததால்தான் பிழைத்தார். பிறகு மார்பில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு மீண்டும் ஆடவும் வந்தார். விழுந்த பிள்ளை கூப்பிட்டால் அசையாமலும் சரியாக மூச்சுவிடாமலும் இருந்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காமல், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் நடுமார்பில் கைகளை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த மாணவனால் எதையும் சொல்ல முடியாது, அவனுக்கு நினைவிருக்காது. பெற்றோர் அங்கே இல்லை. பார்த்தவர் நீங்கள். எத்தனை மீட்டரில் விழுந்தான், விழுவதற்கு முன் தள்ளாடினானா அல்லது வெட்டிய மரம்போலச் சாய்ந்தானா, முகம் வெளுத்ததா நீலம் பாய்ந்ததா, கை கால் வெட்டியதா, எத்தனை நொடியில் கண் திறந்தான் என்பதையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, அவன் அப்பாவின் கையில் கொடுத்தனுப்புங்கள்.